ஹான் பேரரசின் காவலருக்கு ரோமாபுரியிலிருந்து

வடக்கே ஈரி ஏரியின் வாடையும் தெற்கே நெடுஞ்சாலையின் இரைச்சலும் நெருக்கி நிற்கும் போர்ட் ஹாரிங்டன் உயர்நிலைப் பள்ளியில், கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கிழக்கின் கீர்த்தியைக் கட்டிக்காத்து, கரும்பலகையைக் களமாக்கி, சுண்ணக்கட்டியைச் சூலமாக்கி, சோம்பல் முறிக்கும் முதல் வகுப்பையும் சுறுசுறுப்பாக்கி, இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும் வரலாற்று ஆசிரியை, திருமிகு வின்னிஃபிரெட் டுவான் அவர்களின் திருமுன், அவர் பிரிவை எண்ணிப் பாதி நேரம் வருந்தியும், அவர் விட்டுச்செல்லும் ஜன்னலோர மேசை யாருக்கு என்று மீதி நேரம் சண்டையிட்டும் வரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் அன்போடு வாசித்தளிக்கும் மடல்.

கிழக்கின் காவலரே!

மரபுப்படி இந்த இடத்தில் தங்களை மலை என்றும் கடல் என்றும் அழைக்க வேண்டும். தாங்கள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் மலையை விட்டுவிட்டோம். கடலைப் பற்றிப் பின்னால் ஒரு செய்தி வருகிறது. ஆகவே அதையும் ஒத்திவைக்கிறோம். கதிரவன் என்று அழைக்கலாம் என்றால், இந்த ஊரில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவரை யாரும் பார்ப்பதில்லை. தாங்களோ ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர். அந்த உவமையும் பொருந்தவில்லை.

இம்மடலை எழுதும் பொறுப்பு, தங்கள் அறைக்கு இரண்டு கதவு தள்ளி ரோமாபுரி கற்பிக்கும் திரு. கார்மைன் பல்லாடினோவின் தலையில் விழுந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டோம் என்று அவரிடம் சொன்னார்கள். எல்லாச் சீட்டிலும் தம் பெயரே எழுதியிருந்ததை அவர் பிறகு குப்பைத்தொட்டியில் பார்த்தார். எழுதுபவர் 'நான், நான்' என்று தம்பட்டம் அடிக்கக் கூடாது, இது பள்ளியின் மடல் என்று வடிவியல் ஆசிரியை டோரீன் கோவால்சிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகையால் இதில் பல்லாடினோ வரும் இடமெல்லாம் மற்றவர்களைப் போல 'அவர்' என்றே வருவார். அவரைப் புகழும்படி எங்காவது தொனித்தால் அது எங்கள் அனைவரின் ஒருமித்த கருத்து என்று கொள்க.

இரு பேரரசுகளின் ஒரு சாட்சியே!

தாங்கள் ஆண்டுதோறும் முதல் நாளில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகின் இரு கோடிகளில் இரண்டு பேரரசுகள் ஒரே காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. கிழக்கே சீனத்தின் ஹான், மேற்கே ரோம். இரண்டும் சாலை போட்டன, சுவர் எழுப்பின, தலையை எண்ணி வரி வாங்கின, எல்லைக்கு அப்பால் இருப்பவர் எல்லோரும் காட்டுமிராண்டிகள் என்று நம்பின. ஒன்றைப் பற்றி மற்றொன்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டதுண்டு. அரசுக்கு அரசு நேருக்கு நேர் அமர்ந்து பேசியதில்லை. நடுவில் இருந்த வணிகர்கள் இங்கே வாங்கி அங்கே விற்று, இரண்டு பக்கமும் கதைகட்டிக் கொழுத்தார்கள்.

நம் பள்ளியின் இரண்டாம் மாடியிலும் அதுதான் நடந்தது. கிழக்குக் கோடியில் தங்கள் அறை, மேற்குக் கோடியில் பல்லாடினோவின் அறை, நடுவில் டோரீனின் வடிவியல் அறை. தாங்கள் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு டப்பா எள்ளுருண்டையோடு மேற்கு நோக்கிப் புறப்பட்டீர்கள். டோரீன் வாசலில் வழிமறித்தார்.

"அங்க போகாத கண்ணு. ரோமைப் பத்தி வாயைத் தொறந்தார்னா பெல் அடிச்சாலும் விடமாட்டார். உனக்கு முன்னாடி இருந்த வாத்தியார் குசலம் விசாரிக்கத்தான் போனார். அப்புறம் வேற ஊருக்கே மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டார்."

தாங்கள் திரும்பினீர்கள். எள்ளுருண்டை டோரீனிடம் தங்கிவிட்டது. அதே வாரம் பல்லாடினோ, தம் தாயார் சுட்டுக்கொடுத்த சோம்பு மணக்கும் பிட்செல்லே பிஸ்கட் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பினார். அவரையும் டோரீன் மறித்தார்.

"அந்தப் பொண்ணு சிரிச்சு நான் பார்த்ததே இல்லை கண்ணு. தட்டை இங்க வெச்சிட்டுப் போ, நேரம் பார்த்து நான் கொடுக்கறேன்."

அந்த நேரம் வரவே இல்லை. ஓராண்டு முழுவதும் இரு பேரரசுகளும் ஒன்றையொன்று கண்டு அஞ்சிக்கொண்டே, நடுவில் இருந்தவருக்குத் தின்பண்டம் கட்டி வந்தன. பிறகு ஒரு நாள் தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. பள்ளி முழுவதும் பனி கொட்டும் வாகன நிறுத்தத்தில் வந்து நின்றபோது தாங்களும் பல்லாடினோவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்ந்தது.

"அந்த எள்ளுருண்டை பிடிச்சிருந்துதா?" என்று கேட்டீர்கள்.

"எந்த எள்ளுருண்டை?" என்றார் பல்லாடினோ. "நீங்க பிட்செல்லே சாப்பிடவே மாட்டீங்களா?"

"எந்த பிட்செல்லே?"

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தபோது டோரீன் ஏரியின் அழகை ரசித்துக்கொண்டிருந்தார். மணி நின்று எல்லோரும் உள்ளே போவதற்குள், மக்கள்தொகையை ஒழுங்காக எண்ணியது ஹானா ரோமா என்று தாங்கள் இருவரும் உரக்கச் சண்டை போட ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சளைக்காத சமர்த்தரே!

அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் நம் பள்ளியின் பிப்ரவரிப் போர். வெளியே பனி முழங்கால் வரை குவிந்து, உள்ளே பிள்ளைகள் ஒருவரையொருவர் பிறாண்டிக்கொள்ளும் அந்த மாதத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் ஹான் வகுப்பும் ரோம் வகுப்பும் எதிரெதிரே உட்கார்ந்து எந்தப் பேரரசு பெரியது என்று வாதாட வேண்டும். தீர்ப்பு டோரீனுடையது. பழைய பாவத்துக்குப் பரிகாரமாக அந்த வேலையை அவர் தலையில் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. ஆனால் போருக்கு முந்தின நாள் மதியம் இரு தரப்பும் அவருக்கு வெளிப்படையாக லஞ்சம் கொடுக்கலாம் என்று விதி இருந்ததால் அவர் ஒரு வருத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார். தங்கள் தரப்பிலிருந்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை வரும், பல்லாடினோ தரப்பிலிருந்து லசானியா வரும். இரண்டையும் கடைசிப் பருக்கை வரை ஆராய்ந்த பிறகே டோரீன் நடுநிலை அடைவார்.

போரில் தோற்ற ஆசிரியர் அடுத்த வெள்ளிக்கிழமை முழுவதும் வென்ற பேரரசின் உடையை அணிய வேண்டும், பஸ் டூட்டி உட்பட. ரோமானியரின் சுற்றாடையான டோகா என்பது பல்லாடினோ வீட்டுப் படுக்கை விரிப்பு. ஓரத்தில் ஊதாக் கோடு அவரே போட்டது. ஹான் அங்கியோ அடர்நீலப் பட்டு, முழங்கால் வரை தொங்கும் கை, உள்ளே பஞ்சு. அதைத் தாங்களே தைத்தீர்கள். முதல் போர் நடப்பதற்கு முன்பே, பல்லாடினோவின் தோளைத் தூரத்திலிருந்து கண்ணால் அளந்து, அவர் அளவுக்கே தைத்து வைத்திருந்தீர்கள். அந்தத் தன்னம்பிக்கையை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தடித்த குளிர்ச்சட்டைக்கு மேல் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு, சறுக்கும் பனியில் கால் ஊன்றி, ஒரு கையை உயர்த்திப் பள்ளிப் பேருந்துகளை அனுப்பிவைத்த தங்கள் கோலத்தை நாங்கள் மறக்க மாட்டோம். தக்காளிச் சூப்பில் ஹான் அங்கியின் வலக்கையை முழுதாக நனைத்துக்கொண்டு, அது தெரியாமல் அதே கையால் தலைமையாசிரியருக்குக் கை கொடுத்த பல்லாடினோவையும் மறக்க மாட்டோம். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

போரில் இருவருக்கும் விருப்பமான ஆயுதங்கள் உண்டு. "உங்க டோகாவை எதுல துவைச்சு வெளுத்தாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க" என்று தாங்கள் ஆரம்பிப்பீர்கள். தெருவோர ஜாடிகளில் சேகரித்த சிறுநீரில் என்று பதில் வந்ததும் கூடமே அலறும். பிறகு, காவல் படையினர் சக்கரவர்த்திப் பதவியை ஏலம் போட்டு விற்ற கதை. பல்லாடினோவுக்கோ ஜேட் உடைதான் உயிர். உடல் அழியாமல் இருக்க இளவரசரைப் பச்சைக்கல் சட்டைக்குள் தைத்துப் புதைத்தார்கள், பின்னாளில் திறந்து பார்த்தால் சட்டை பத்திரமாக இருந்தது, இளவரசர்தான் இல்லை என்று அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துச் சொல்வார். அடுத்து அரண்மனை அலிகளின் ஆட்டம். ஆண்டுதோறும் இதே ஆயுதங்கள், இதே அலறல். கல்லூரிக்குப் போன பிள்ளைகள்கூட விடுமுறையில் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அஞ்சா நெஞ்சத்தவரே, ஆனால் ஜனவரியில் கொஞ்சம் அஞ்சியவரே!

இந்த ஜனவரியில் தங்கள் ஓய்வுச் செய்தி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு செய்தியும் வந்தது. தலைமையாசிரியர் ஹாஸ்கின்ஸ் முன்னாளில் நீச்சல் பயிற்சியாளர். நல்லவர், எதையும் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலும் அவர் சொன்னார்:

"மிஸ் டுவான் இடத்துக்கு வேற ஆள் கிடையாது. 'இரு பேரரசுகள்' பாடத்தை ஒருத்தரே நடத்த முடியும்னா இருக்கட்டும். முடியாதுன்னா அந்த நேரத்தை இணைய நாகரிகப் பாடத்துக்குக் கொடுத்துடறேன்."

"ஒருத்தர்னா யாரு?" என்றார் பல்லாடினோ.

"நீங்கதான்."

"எனக்கு ரோம் நல்லாத் தெரியும்."

"அதான் பிரச்சினையே," என்று காப்பிக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் சொன்னீர்கள்.

ஹாஸ்கின்ஸ் வழி கண்டுபிடித்தார். "பிப்ரவரிப் போட்டியில ரெண்டு பேரும் பக்கம் மாறிக்கோங்க. பல்லாடினோ ஹான் பிள்ளைங்களைத் தயார் பண்ணட்டும், நீங்க ரோம் பிள்ளைங்களைத் தயார் பண்ணுங்க. நான் வந்து உக்காந்து பார்க்கறேன். ஹான் பிள்ளைங்க தாக்குப்பிடிச்சா பாடம் இருக்கும்."

அன்று மாலை தாங்கள் பல்லாடினோவின் அறை வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே வரவில்லை.

"ஹானை நீங்க எப்படி நடத்துவீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு செவ்வாக்கிழமை காலையில ஆரம்பிச்சு மத்தியானம் முடிச்சிடுவீங்க. மிச்ச வருஷம் பூரா ரோம்."

"நான் நியாயமா நடந்துப்பேன், டுவான்."

"அதைக் கேட்டாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நியாயமா நடத்தற பாடத்தை எந்தப் பிள்ளையும் ஞாபகம் வெச்சுக்காது. பைத்தியமா நடத்தணும்."

சொல்லிவிட்டுத் தாங்கள் போய்விட்டீர்கள். பல்லாடினோவுக்கு மனம் புண்பட்டது. தங்கள் வாழ்நாள் உழைப்பைத் தம் கையில் கொடுக்கத் தாங்கள் தயங்குவதும், தயங்குவதில் நியாயம் இருப்பதும் அவருக்கு ஒருசேர வலித்தது. பாடம் போய்விட்டால் இரண்டாம் மாடியில் தாமும் தம் ரோமும் மட்டுமே மிஞ்சுவோம், சண்டை போட எதிரில் ஆளே இருக்காது என்று அன்று இரவு உணவு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு படிக்க ஆரம்பித்தார். பனி வாரும் வண்டியின் பின்னால் நத்தை வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டே ஹான் மன்னர்களின் பெயர்களை உரக்கச் சொல்லிப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அவர் மைத்துனர் உப்பைக் கேட்டார். பல்லாடினோ உப்பு ஜாடியைக் கையில் எடுத்து, உப்பையும் இரும்பையும் அரசே விற்பது சரியா தவறா என்று ஹான் அவையில் நடந்த விவாதத்தைச் சொல்லத் தொடங்கினார்.

"உப்பைக் கொடுடா கார்மைன், சரித்திரம் வேணாம்," என்றார் மைத்துனர்.

"ரெண்டும் ஒண்ணுதான்யா, கேளு," என்று பல்லாடினோ தொடர்ந்தார். சேமியா ஆறிப்போயிற்று.

மறக்கவொண்ணா மாதரசே!

போர் நாள் வந்தது. ஏரியிலிருந்து பனி கொட்டிப் பாதிப் பேருந்துகள் தாமதம். ஹாஸ்கின்ஸ் முன்வரிசையில், மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக உட்கார்ந்தார். ஹான் பக்கத்திலிருந்து டானிகா என்ற பெண் எழுந்தாள்.

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நாங்களே சொல்லிடறோம். அந்த ஜேட் சட்டை வேலை செய்யல," என்றாள். தொடர்ந்து அரண்மனை அலிகள் செய்த அட்டூழியங்களை வரிசையாக விளக்கி, அதற்கெல்லாம் தக்க சமாதானமும் சொல்லி உட்கார்ந்தாள்.

ரோம் பக்கத்திலிருந்து தெரெல் எழுந்தான். "டோகாவை எதுல துவைச்சோம்னு கேப்பீங்க. ஆமா, அதுலதான். ஆனா நல்லா வெளுக்கும்." பிறகு சக்கரவர்த்திப் பதவியை ஏலம் விட்ட கதையை அவனே சொல்லி, அதற்கும் காரணம் சொன்னான்.

நடந்தது என்னவென்று எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பல்லாடினோ, தாம் இத்தனை ஆண்டும் ஹான் மீது எறிந்த கல்லையெல்லாம் தடுக்கப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். தாங்களும் ரோம் மீது எறிந்ததையெல்லாம் தடுக்கப் பழக்கியிருந்தீர்கள். ஆனால் தம் சொந்த ரோமை எப்படி அடிப்பது என்று ஹான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பல்லாடினோவுக்கு மனம் வரவில்லை. தங்கள் சொந்த ஹானை எங்கே அடித்தால் வலிக்கும் என்று ரோம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தங்களுக்கும் மனம் வரவில்லை. ஆக, இரண்டு படைகளும் கேடயத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நின்றன. வாள் ஒருவரிடமும் இல்லை.

"இன்னும் நேரம் கிடக்கு கண்ணுங்களா," என்றார் டோரீன். "யாராவது யாரையாவது ஏதாவது கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஹாஸ்கின்ஸ் பேனாவைத் திறந்து அட்டையில் எதையோ எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா நகர்வதைப் பல்லாடினோ பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது, தம்மால்தான் முடிந்தது என்று நினைத்தார்.

அப்போது தாங்கள் எழுந்தீர்கள். ஒவ்வொரு பக்கத்து ஆசிரியரும் எதிர்ப்பக்கத்தை ஒரு கேள்வி கேட்கலாம், பிள்ளைகளுக்குப் பதில் தெரியாவிட்டால் அவர்களின் ஆசிரியர் எழலாம் என்று விதியில் இருக்கிறது. அந்த விதியை அதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. இத்தனை ஆண்டுகளில் தாங்கள் ஹானுக்கு எதிராக வாய் திறந்தது அதுவே முதல் முறை.

"ஹான் பக்கத்துக்கு ஒரு கேள்வி. உங்க தூதர் ஒருத்தர் ரோமைத் தேடி மேற்குக் கடல் வரைக்கும் வந்தார். அங்க இருந்த கப்பல்காரங்க, 'காத்து சரியில்லன்னா ரெண்டு வருஷம் ஆகும், நடுக்கடல்ல வீட்டு ஞாபகம் வந்தே பல பேர் செத்திருக்காங்க'ன்னு சொன்னாங்க. அவர் அப்படியே திரும்பிப் போயிட்டார். அவ்வளவு தூரம் வந்தவரு, பயந்துதானே போனாரு?"

டானிகா பல்லாடினோவைப் பார்த்தாள். அந்தத் தூதரைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவர் எழுந்தார்.

"பயந்து போகல," என்றார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். "அந்தக் கப்பல்காரங்க யாரு? நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் வியாபாரம் பண்ணினவங்க. ரெண்டு பேரும் நேர்ல பார்த்துப் பேசிட்டா அவங்க பொழப்பு என்னாகறது? அதுக்குத்தான் கதை கட்டினாங்க."

கூடமே டோரீனைத் திரும்பிப் பார்த்தது.

"என்னை எதுக்குப் பார்க்கறீங்க?" என்றார் டோரீன்.

"அந்த மனுஷன் பாலைவனம் தாண்டி, மலை தாண்டி, பாஷை தெரியாத ஊரெல்லாம் தாண்டி வந்தான்," என்று பல்லாடினோ குரலை உயர்த்தினார். "அவன் ஆளுங்க ரோமுக்கு வெச்ச பேர் என்ன தெரியுமா? பெரிய சின், அதாவது பெரிய சீனா. தூரத்துல நம்மை மாதிரியே இன்னொருத்தர் இருக்காங்கன்னு நம்பி, தங்களோட நாட்டுப் பேரையே எடுத்து, அதைப் பெரிசாக்கிக் கொடுத்தாங்க. ரோம் என்ன பண்ணுச்சு? பட்டுத்துணியை உடுத்திக்கிட்டு, அது மரத்துல காய்க்குதுன்னு சொல்லிட்டு உக்காந்திருந்துச்சு. போய்ப் பார்த்துட்டு வாடான்னு ஒரு ஆளை அனுப்புச்சா?"

பல்லாடினோவின் வாயிலிருந்து இதைக் கேட்போம் என்று அந்தக் கூடத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை, பல்லாடினோ உட்பட.

"அனுப்புச்சே!" என்றீர்கள் தாங்கள். "கடல் வழியா வந்தாங்களே!"

"யாரு? வியாபாரிங்க. தந்தமும் ஆமையோடும் தூக்கிட்டு வந்து சக்கரவர்த்தி கொடுத்தனுப்பினார்னு புளுகினவங்க."

"புளுகினா என்ன? வந்தாங்களா இல்லையா? இந்தியாவுல மிளகுக் கரையைத் தாண்டி, வரைபடத்துலயே இல்லாத கடலையெல்லாம் தாண்டி வந்து கதவைத் தட்டினாங்க. ஹான் அரண்மனை என்ன சொல்லுச்சு? பரிசு இவ்வளவுதானான்னு மூக்கைச் சுளிச்சுது. அவ்வளவு தூரம் வந்தவனுக்கு அதுவா மரியாதை?"

"ஹானைக் குறை சொல்லாதீங்க, டுவான்."

"நீங்க ரோமைக் கேவலப்படுத்தாதீங்க, பல்லாடினோ."

அதன் பிறகு இருவரையும் பிடித்து நிறுத்த ஆளில்லை. தாங்கள் ரோமின் சாலையைத் தூக்கிப் பேச, அவர் ஹானின் காகிதத்தைத் தூக்கிப் பேச, பிள்ளைகளும் பொறுக்க மாட்டாமல் எழுந்து அவர்களே கேள்வியும் பதிலுமாகக் கலந்துகொண்டார்கள். டானிகா ஓர் அடி முன்னே வந்து தெரெல் பெருமை பேசிய ரோமின் நீர்க்குழாய்களை ஈயம் ஈயம், எல்லாம் விஷம் என்று சொல்லியே நொறுக்கினாள். மணி அடித்தது. யாரும் நகரவில்லை. ஹாஸ்கின்ஸின் அட்டை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அவரே எழுந்து, ஹான் படைக்குக் குதிரை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

கடைசியில் டோரீன் மேசையைத் தட்டினார். "இந்தாளு ரோமைக் கவுத்துட்டாரு. இந்தம்மா அதைத் தூக்கி நிறுத்திடுச்சு. யாரு எந்தப் பக்கம்னு சத்தியமா எனக்குத் தெரியல. யாரும் தோக்கல. ரெண்டு உடையும் இந்த வருஷம் அலமாரியிலேயே இருக்கட்டும்."

ஹாஸ்கின்ஸ் தங்களிடம் வந்தார். "நீங்க சொல்லுங்க, மிஸ் டுவான். இவரை நம்பிக் கொடுக்கலாமா?"

தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தீர்கள். "ஹானைக் கொடுக்கலாம்," என்றீர்கள். "அது பத்திரமா இருக்கும். இனிமே ரோமை யார் பார்த்துப்பாங்கன்னுதான் எனக்குக் கவலையா இருக்கு."

பாடம் நிலைத்தது. இணைய நாகரிகம் வேறு பள்ளியைத் தேடிப் போயிற்று.

பாசத்துக்குரிய பெருமாட்டியே!

இனித் தாங்கள் சாக்ரமெண்டோவில், தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவில், பனி வாராத வாழ்க்கை வாழப் போகிறீர்கள். தங்கள் முழங்கால்கள் வலியை மறக்கட்டும், தங்கள் கண்கள் இனித் திருத்த வேண்டிய விடைத்தாள் எதையும் காணாதிருக்கட்டும், தங்கள் எலுமிச்சை மரம் காய்த்துக் கிளை ஒடியட்டும். ஹான் பேரரசு நானூறு ஆண்டு நிலைத்தது. அவ்வளவு கேட்டால் தாங்கள் களைத்துப்போவீர்கள் என்பதால், இடையில் குழப்பம் ஏதும் இல்லாத ஒரு நூறாண்டை மனமாரக் கேட்கிறோம்.

கடலைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே, அது இதுதான். நமக்கு இடையே இனி ஒரு கண்டம் இருக்கப்போகிறது. காற்று சரியில்லை, ரொம்ப தூரம், போனால் திரும்ப முடியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன் என்று டோரீன் எல்லோர் முன்னிலும் உறுதியளித்திருக்கிறார். அக்டோபரில் ஹான் பாடம் தொடங்கும் வாரம் மேற்கு அறையில் முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாக இருக்கும். எள்ளுருண்டை கொண்டு வந்தால் நேரே உள்ளே வந்துவிடுங்கள், வழியில் நிற்காதீர்கள்.

கடைசியாக ஒரு விளக்கம். ஜூன் மாதப் புழுக்கத்தில், பஞ்சு வைத்த அடர்நீலப் பட்டங்கியில், வலக்கையில் சூப்புக் கறையோடு இம்மடலை வாசித்து நிற்கும் பல்லாடினோவைக் காலையிலிருந்து எல்லோரும் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள். அவர் வாய் திறக்கவில்லை. ஆகவே நாங்கள் சொல்கிறோம். ஹான் ஒரு படி குறைவு என்று நிரூபிக்கத்தான் அவர் இத்தனை ஆண்டும் தங்களோடு மல்லுக்கு நின்றார். பிப்ரவரியில் பள்ளி முழுவதும் பார்க்க எழுந்து நின்று, அது குறைவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சொன்னதை நம்பவும் நம்பினார். தோற்றவர் வென்றவரின் உடையை ஒரு நாள் முழுவதும் அணிய வேண்டும் என்பது நம் சட்டம். டோரீன் அவரை விட்டுவிட்டார். தாங்கள் போவதற்குள் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்று அவர் நினைக்கிறார். இன்று மாலை பஸ் டூட்டியும் அவருடையதே.

தங்கள் சண்டையை இழந்து தவிக்கப்போகும்,
போர்ட் ஹாரிங்டன் உயர்நிலைப் பள்ளி
ஆசிரியர்களும் அலுவலர்களும்

எழுதி வாசித்தவர்:
கார்மைன் பல்லாடினோ,
ஹான் பேரரசு, நேரமிருந்தால் ரோமும்.